முதுகு நிபுணன்

ஏப்ரல் 12, சனி

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், புதுக்கோட்டை பூவரசு சிறுவர் இல்லத்தின் மூன்றாவது குளியலறையில் சேவையாற்றிவந்த பச்சை வாளியின் கைப்பிடி இன்று காலை இயற்கை எய்தியது. அன்னார் முப்பத்தெட்டுப் பேரின் குளியலைச் சலிக்காமல் சுமந்தவர். இறுதி ஊர்வலம் துவைக்கிற கல்லில் தொடங்கிக் குப்பைக் குழியில் முடிந்தது. இருதயராஜ் வாயாலேயே சங்கு ஊதினான். வாளி தற்போது கைவிடப்பட்ட நிலையில் இருக்கிறது. கைவிடப்பட்டோர் கணக்கில் ஏற்கெனவே நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். அதையும் சேர்த்துக்கொண்டோம்.

இனி, முக்கியமில்லாத செய்திகள்.

என் பெயர் தவசீலன். தவமும் கிடையாது, சீலமும் கிடையாது என்பது வார்டன் கோதண்டம் சாரின் தீர்ப்பு. பையன்கள் சுருக்கித் தவளை என்பார்கள். இந்த நோட்டு படம் வரையக் கொடுத்தது. சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வந்து எங்களுக்கு ஓவிய வகுப்பு எடுக்கும் பர்வீன் மிஸ் கொடுத்தார். "மிஸ்னு கூப்பிடாதீங்கடா, அக்கான்னு கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொன்னார். பழைய பழக்கத்தையும் விட முடியவில்லை, அவர் பேச்சையும் தட்ட முடியவில்லை. மிஸ்க்கா என்று கூப்பிடுகிறோம்.

நேற்று சாரின் நாற்காலிப் பலகையில் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் அடுப்புக் கரியால் ஒரு முகம் வரைந்துவைத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம். சார் அதில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார், எழுந்தார், வெள்ளை வேட்டியோடு பேங்குக்குப் போனார், பேருந்து நிலையம் வழியாகத் திரும்பி வந்தார். வந்து சமையல் சவரியம்மா அக்காவிடம், "இன்னைக்கு ஊரே என்னையப் பாத்துச் சிரிக்குது சவரியம்மா. மனுசங்க நல்லவங்கதான்" என்றார். பிறகு திரும்பினார். அக்கா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

தண்டனையாக வேட்டியை நானே துவைத்தேன். கரி போகவில்லை. இன்று அது கொடியில் காற்றில் ஆடிச் சிரித்துக்கொண்டிருந்ததை மிஸ்க்கா பார்த்துவிட்டு, அதன் எதிரே ரொம்ப நேரம் நின்றார்.

"யாருடா போட்டது?"

முப்பத்தேழு விரல்கள் என்னை நோக்கி நீண்டன. நண்பர்கள்!

"கோடு நல்லா இருக்குடா" என்றார் மிஸ்க்கா. "அழிச்சு அழிச்சுப் போடல. ஒரே இழுப்பு."

ஜூன் ஒன்றாம் தேதி எனக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் இங்கே இருக்க முடியாது, விதி அப்படி. ப்ளஸ் டூ பரீட்சை எழுதியாகிவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தங்க இடத்தோடு, சார் சொல்லிவைத்திருக்கிறார். மிஸ்க்காவோ ஓவியக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது, நுழைவுத் தேர்வு வைப்பார்கள், இடம் கிடைத்தால் விடுதியும் உண்டு என்கிறார்.

"எனக்கெதுக்கு மிஸ்க்கா? திருப்பூர் போனா பனியன் சும்மாவே கிடைக்கும்" என்றேன்.

எனக்கு இந்தக் கல்லூரி விஷயத்தில் துளியும் ஆர்வம் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். தேர்வு ஜூன் 19, காலை பத்து மணி. பென்சில் 4பி, 6பி கொண்டுவர வேண்டும். அட்டையும் கிளிப்பும் நம்முடையது. தாள் அவர்கள் தருவார்கள்.

ஏப்ரல் 19, சனி

மிஸ்க்கா இன்று, "உங்கள நீங்களே வரைங்க" என்றார். வகுப்பில் பதினொரு பேர். வரைந்து முடித்ததும் தாள்களை வாங்கித் தரையில் பரப்பினார். பார்த்தால் பதினொரு பிடரி. பதினொரு ஜோடிக் காதுகள், பின்பக்கமிருந்து.

"என்னடா இது?"

"நாங்கதான் மிஸ்க்கா" என்றான் இருதயராஜ்.

"மூஞ்சி எங்கடா?"

"அந்தப் பக்கம் இருக்கு."

மிஸ்க்கா உடனே என்னைப் பார்த்தார். இந்த ஊரில் மழை பெய்யாவிட்டாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். சத்தியமாக நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் என் பிடரியைத்தான் வரைந்திருந்தேன்.

அவரை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். எங்களுடைய ஆண்டு விழா, தீபாவளி, யாரோ புத்தகப் பை கொடுத்தது எல்லாம் அங்கே போட்டோவாகத் தொங்குகின்றன. நாங்கள் யார், எவர் என்று வெளியே தெரியக்கூடாது. அதனால் எங்கள் முகம் பேப்பரிலோ படத்திலோ வரக்கூடாது. சட்டம். எங்களைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார்கள், நல்ல சட்டம். ஆகவே பை கொடுப்பவர் காமிராவைப் பார்த்துச் சிரிப்பார், பை வாங்குபவன் முதுகைக் காட்டுவான். "போட்டோ" என்று காதில் விழுந்தாலே எங்கள் கால் தானாகத் திரும்பும். பின்னணிக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்வோம். முகம் பார்க்கும் கண்ணாடி வராந்தாவில் ஒன்று இருக்கிறது. தலை சீவ வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு கண் தெரியும்.

"இது இருதயராஜ், ரெட்டைச் சுழி. இது முருகானந்தம், கழுத்துல மச்சம். இது நான். இதுவும் நான். இது நான் அஞ்சாவது படிக்கிறப்ப." வரிசையாக விரல் வைத்துக் காட்டினேன். வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகும் ஒரு முதுகு. யார் முதுகைக் காட்டினாலும் நான் பெயர் சொல்லிவிடுவேன். மாவட்டத்தில் என்னை விஞ்சிய முதுகு நிபுணன் கிடையாது.

மிஸ்க்கா, "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்டா" என்று வெளியே போனார். அவர் டீ குடிக்கவே மாட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வாளிக்குத் தேங்காய்நார்க் கயிறு கட்டினேன். பார்க்க நன்றாக இல்லை. தூக்க நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

தேர்வில் மூன்று பகுதியாம். சட்டி பானை வாழைப்பழம் என்று எதையாவது வைத்து அதை அப்படியே வரைவது ஒன்று. மனத்திலிருந்து ஒரு காட்சி வரைவது ஒன்று. இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதாக ஓர் ஆளை நடுவில் உட்காரவைத்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து அவரை வரைய வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

"முதுகப் போட்டா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"குலுக்கல்ல உனக்கு எந்த இடம் விழுதோ அங்கேருந்து என்ன தெரியுதோ அதான் வரையணும். பின்னாடி விழுந்தா முதுகுதான். ஆனா அந்த இடம் வந்துரக் கூடாதுன்னு எல்லாரும் சாமி கும்பிடுவாங்க."

"நான் வரணும்னு கும்பிடுறேன்."

"முன்னாடி விழுந்துச்சுன்னா?"

நான் ஒரு ஜோக் சொன்னேன். மிஸ்க்கா சிரித்துவிட்டு, "முன்னாடி விழுந்துச்சுன்னா?" என்று மறுபடி கேட்டார். பிடிவாதக்காரி.

மே 4, ஞாயிறு

முகப் பயிற்சி, முதல் நாள். மாடல்: இருதயராஜ். என்னைவிட இரண்டு வயது சின்னவன், பக்கத்துக் கட்டில்காரன், இல்லத்திலேயே பெரிய கன்னத்துக்குச் சொந்தக்காரன்.

"அசையாம இருடா."

"மூச்சு விடலாமா?"

"கொஞ்சமா விடு."

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவன் மூக்கு விரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தோம். மீண்டும் ஆரம்பித்தோம், மீண்டும் விழுந்தோம். கடைசியில் முகத்துக்குப் பதிலாக ஒரு பலாப்பழம் வரைந்து அதற்கு மீசை வைத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, இது நான் இல்லையே" என்றான்.

"உள்ள சுளையா இருக்கேடா" என்றேன்.

அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மே 8, வியாழன்

ப்ளஸ் டூ முடிவு வந்தது. தேறிவிட்டேன். கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். சவரியம்மா அக்கா கேசரி கிண்டினார். முந்திரி என் தட்டில் மட்டும் கூடுதலாக இருந்தது தற்செயல் என்கிறார்.

மே 17, சனி

சார் தாமாகவே வந்து, "என்னைய வரைடா" என்றார். உட்காரும் முன் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். அன்பு என்பது இப்படித்தான் இருக்கும்.

"சார், அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்."

"ஏண்டா, மறுபடியும் வேட்டிக்கா?"

"வெளிச்சம் சரியா இல்ல சார்."

"வெளிச்சம் பூரா இந்தப் பக்கந்தான் இருக்கு. வரைடா தவளை."

என்னைப் பார்த்தபடியே இருந்தார். ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்தால் நான் வழக்கமாக ஏதாவது ஜோக் அடிப்பேன். சிரிப்பார்கள், அல்லது திட்டுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் பார்ப்பது நின்றுவிடும். அடித்தேன். சார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மாடல் அசையக் கூடாதுன்னு பர்வீன் சொல்லிருக்கு" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார்.

முடி போட்டேன். காது போட்டேன். மீசையை ஒவ்வொரு மயிராகப் போட்டேன். மூக்குக் கண்ணாடி போட்டேன். அதற்குள்ளே போக வேண்டிய நேரம் வந்ததும் தலையில் இரண்டு கொம்பு போட்டு முடித்துவிட்டேன்.

சார் படத்தை வாங்கிப் பார்த்தார். ஓட வசதியாகக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"கொம்பு நல்லா இருக்கு. கண்ணு எங்க?"

"கண்ணாடிக்குள்ள இருக்கு சார்."

"நீ இங்க வந்தப்ப ஆறு வயசு" என்றார், படத்தைப் பார்த்துக்கொண்டே. "மூணு நாளு யாருக்கும் மூஞ்சியக் காட்டல. செவத்தப் பாத்தே உக்காந்திருந்த. சோத்தக்கூட செவத்தப் பாத்துதான் தின்ன. நாலாம் நாளு என் செருப்பத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டுத் திரும்பிப் பாத்துச் சிரிச்ச. அன்னைக்கித்தான் நீ எப்படி இருப்பன்னே எனக்குத் தெரியும்."

சாருக்கு வயதாகிறது. வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார். செருப்பு விஷயம் மட்டும் உண்மையாக இருக்கலாம். பாணி தெரிகிறது.

மே 18, ஞாயிறு

மிஸ்க்கா போனில் பயிற்சி கொடுத்தார். எதிரே ஆள் இருந்தால் கூச்சமாக இருக்கிறதென்றால், தெரிந்த யாருடைய முகத்தையாவது நினைவிலிருந்து வரைந்து பார் என்றார்.

வரைந்தேன். பச்சைச் சேலை. இடுப்புவரை சடை. பேருந்துப் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். முகம் அந்தப் பக்கம்.

இந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டும். கத்தரிக்கோல் கிடைக்கவில்லை.

மே 19, திங்கள்

இன்றும் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. கத்தரிக்காய்தான் கிடைத்தது, மதியமும் இரவும்.

ஜூன் 1, ஞாயிறு

எனக்கு இன்று பிறந்தநாள். எனக்கு மட்டும் இல்லை, இல்லத்தில் ஆறு பேருக்கு. பள்ளியில் சேர்க்கிறபோது பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற பருவத்தில் சொல்லிவைத்தாற்போல் பிறந்த படிப்பாளிப் பரம்பரை நாங்கள். ஒரு கேக்கை ஆறு கைகள் சேர்ந்து வெட்டின. கேக் வெட்டுப்பட்டதா கலவரத்தில் சிக்கியதா என்று தெரியவில்லை.

தேர்வு முடிவு வரும்வரை நான் இங்கேயே இருக்க சார் மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். மூன்று முறை போய் வந்தார் போலிருக்கிறது, செருப்பு தேய்ந்திருக்கிறது. "கெடைக்கலன்னா மறுநாளே திருப்பூர் வண்டி" என்றார். சரி என்றேன். பனியன் என் லட்சியம்.

இருதயராஜ் மாலையிலிருந்து என்னோடு பேசவில்லை. கேக்கில் எனக்குப் பெரிய துண்டு விழுந்த பொறாமையாக இருக்கும். என் பையை எடுத்து அவன் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறான். சின்னப் பையன், சின்னக் குறும்பு. என்னிடம் பயின்றவன் இன்னும் நன்றாகச் செய்யலாம்.

ஜூன் 7, சனி

நூலக மாடியில் எங்கள் படங்களின் கண்காட்சி. பதினொரு பிடரிகளையும் மிஸ்க்கா சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார். சட்டத்தால் வந்த பிடரிக்குச் சட்டம் போடுவது பொருத்தம்தான்.

பேப்பர்காரர் ஒருவர் காமிராவோடு வந்தார். "தம்பிங்களா, படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பதினொரு பேரும் சட்டென்று திரும்பி அவருக்கு முதுகைக் காட்டினோம். சுவரில் பதினொன்று, தரையில் பதினொன்று. பார்க்க வந்த ஒரு குழந்தை, "அம்மா, அண்ணனுங்கல்லாம் கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டது.

சார் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "தவசீலா, உனக்குப் பதினெட்டு ஆயிருச்சுடா. நீ இந்தப் பக்கம் திரும்பலாம்" என்றார். அவர் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும்.

நான் திரும்பவில்லை. காரணம் கலைநயம். பத்து முதுகுக்கு நடுவில் ஒரு மூஞ்சி வந்தால் படத்தின் அமைப்பு கெட்டுவிடும். சார் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தோளில் வைத்த கையை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பேப்பரில் வந்துவிட்டது. தலைப்பு: "முகம் தேடும் முதுகுகள்." அந்த ஆளுக்கும் என் வியாதி இருக்கிறது. போட்டோவில் இடமிருந்து நான்காவது நான். தோளில் ஒரு கை.

ஜூன் 14, சனி

மிஸ்க்கா இன்று தாமே மாடலாக உட்கார்ந்தார். அவர் துப்பட்டாவை வரைந்தேன். ஒவ்வொரு மடிப்பும், மடிப்புக்குள் விழும் நிழலும், ஓரத்து ஜரிகையும். "துப்பட்டா பிரமாதம்" என்றார். அதற்கு மேலே தாள் வெள்ளையாக இருந்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போகும்போது தன்னுடைய பென்சில் டப்பாவையே கொடுத்துவிட்டார். "பயமா இருக்காடா?"

"வெறும் மூஞ்சிதானே மிஸ்க்கா? ஊதித் தள்ளிருவேன்."

"உனக்கு அங்க இடம் கிடைக்கணும்டா" என்றார். ஸ்கூட்டி கிளம்ப மறுத்தது. நானும் இருதயராஜும் தள்ளிவிட்டோம்.

ஜூன் 19, வியாழன்

சரித்திரம் நிகழ்ந்தேவிட்டது. சுருக்கமாக எழுதுகிறேன், தன்னடக்கம் காரணமாக.

சார் கூடவே வந்தார். விடியற்காலைப் பேருந்தில் என் அட்டையை மடியில் வைத்து, யாரும் சாய்ந்துவிடாதபடி காவல் காத்தார். சவரியம்மா அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை நான் தின்றேன், அவர் தின்னவில்லை. கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர், சாயங்காலம் நான் வெளியே வந்தபோதும் அதே இடத்தில் இருந்தார். நிழல் மட்டும் நகர்ந்து போயிருந்தது.

"எந்த எடம்டா விழுந்துச்சு?"

"நேர் முன்னாடி சார். மூஞ்சிக்கு மூஞ்சி."

"அய்யய்யோ."

"பின்பக்கம் விழுந்த ஒரு பொண்ணு எடம் மாத்திக்கலாமான்னு கேட்டுச்சு சார். நான்தான் வேணாம், முன்னாடியே உக்காந்துக்குறேன்னுட்டேன்."

"நீயாவா சொன்ன?"

"நானேதான் சார். சிங்கம் மாதிரி உக்காந்து வரைஞ்சேன். சூப்பர்வைசர் ரெண்டு தடவ வந்து நின்னு பாத்துட்டுப் போனாரு."

திரும்பும் பேருந்திலும் சார் என் அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். தஞ்சாவூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே வண்டி நின்றபோது இறங்கிப் போய் அல்வா வாங்கி வந்தார். வண்டி கிளம்பிவிடுமோ என்று ஓடி வந்ததில் ஒரு செருப்பு அறுந்துவிட்டது. அல்வா நன்றாகவே இல்லை. இரண்டு பொட்டலம் தின்றேன்.

ஜூன் 21, சனி

சார் என் கதையைச் சவரியம்மா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா பால்காரரிடம் சொல்லியிருக்கிறார். மிஸ்க்கா இன்று வகுப்பிலேயே சொன்னார்: "தப்பிக்க வழி இருந்தும் தவசீலன் தப்பிக்கல. புரியுதாடா?" பத்து பேரும் தலையை ஆட்டினார்கள். பிறகு மறுபடியும், "உங்கள நீங்களே வரைங்க" என்றார். முருகானந்தம் ஒரு கன்னத்தையும் அரை மூக்கையும் வரைந்தான். "அண்ணன் பண்ணிட்டாருல்ல" என்றான்.

எனக்கு வயிறு சரியில்லை. அல்வாதான் காரணம்.

ஜூலை 2, புதன்

கல்லூரி வெளியிட்ட பட்டியலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தோம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக விரலை இறக்கினார். விரல் நின்றது.

"தவசீலன்" என்று படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கத்தினார்: "எலேய்! எல்லாரும் வாங்கடா!"

முப்பத்தேழு பேரும் என்மேல் விழுந்தார்கள். இருதயராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து என் பையை எடுத்து வந்து தூசி தட்டிக் கொடுத்தான். "விடுதிக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் குளித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை.

மிஸ்க்கா போனில் அழுதார். நான் அழவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை, எல்லோரும் அந்தச் சிங்கக் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இப்போது அதில் சூப்பர்வைசர் நான்கு தடவை வருகிறார்.

ஜூலை 3, வியாழன்

நேற்று எழுதாமல் விட்ட ஒரு செய்தி. என் பெயருக்கு நாலு பெயர் கீழே முத்தரசி என்று ஒரு பெயர் இருந்தது. அவளும் அங்கேதான் படிக்கப்போகிறாள். என்னைப் பார்த்த முதல் நாளே ஊரறியப் போட்டுக்கொடுத்துவிடுவாள். அதற்கு முன் நானே எழுதிவிடுவது கௌரவம். எழுதி முடித்ததும் சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சார் இப்போது வராந்தாவில் உட்கார்ந்து, காய்கறிக்காரரிடம் என் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு முன்பக்கம் விழுந்தது உண்மை. மாடலாக உட்கார்ந்த அம்மாவின் முழங்காலுக்கு எதிரே என் இடம். பார்த்ததுமே பென்சில் டப்பாவை மூடினேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பின்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் முத்தரசி. அவள் ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை. நான்தான் அட்டையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஏங்க, எடம் மாத்திக்கலாங்களா? முதுகு வரையுறதா எனக்கு ஒரு வேண்டுதல்."

"முதுகு வரைய வேண்டுதலா? எந்தக் கோயில்லங்க?"

"கொலதெய்வம்ங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முன்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் பின்பக்கம் உட்கார்ந்தேன். அருமையான முதுகு. ரவிக்கையின் தையல், கழுத்தில் மஞ்சள் கயிறு, கொண்டையிலிருந்து பிரிந்த இரண்டு முடி. கல்லூரியே என் கையில் என்று நினைத்து முதல் கோட்டை இழுத்தேன்.

கரண்ட் போய்விட்டது.

விளக்கு அணைந்ததும் கூடத்தில் பாதி இருட்டு. ஜன்னல்கள் எல்லாம் என் பின்னால் இருந்தன. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "மாடலம்மா மொகத்துல வெளிச்சமே இல்லையே. அவங்கள அப்படியே ஜன்னலப் பாத்துத் திருப்பி உக்கார வைங்க. எல்லாருக்கும் புதுத் தாள் குடுங்க. யாரும் எடம் மாறக் கூடாது" என்றார். இரண்டு பேர் வந்து நாற்காலியைத் திருப்பினார்கள்.

முகம் என் பக்கம் வந்தது. அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் முத்தரசி தெரிந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையைக் குலதெய்வம் வந்தாலும் தாங்காது.

ஆகவே நான் எதையும் மறுக்கவில்லை. கையில் இருந்த இடத்தைக் கெஞ்சி மாற்றிக்கொண்டு, வசமாக மாட்டிக்கொண்டேன். எழுந்து ஓட முடியாது. ஜோக் அடிக்க முடியாது, பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மாவும் அசையக் கூடாது, எங்கும் திரும்பக் கூடாது. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வழி இல்லை. வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து நின்றது அப்போதுதான். "ஒடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் அங்கே இருப்பதைப் பார்த்தார், அவ்வளவுதான். சார் வயதுகூட இருக்காது அவருக்கு. இடது புருவத்தில் ஒரு பொடி வெட்டு. கீழிமையில் ஒரு மடிப்பு, அதற்குக் கீழே இன்னொரு மெல்லிய மடிப்பு. முன்னொரு காலத்தில் மூக்குத்தி போட்டிருந்த துளை, தூர்ந்தும் தூராமல். கண்ணில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் கருப்பாக ஒரு தலை தெரிந்தது, ஒரு காது கொஞ்சம் நீட்டிக்கொண்டு. அதையும் வரைந்தேன்.

மணி அடித்தபோது, "அதுக்குள்ளயா?" என்று யாரோ சத்தமாகக் கேட்டார்கள். நான்தானாம். வெளியே வரும்போது முத்தரசி சொன்னாள். வேறு சிலவும் சொன்னாள், அவை எழுதத் தக்கவை அல்ல.

சிங்கம் மாதிரி வரைந்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எப்படி இடம் கொடுத்தார்கள் என்று இப்போதும் புரியவில்லை. அந்தப் படத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு காதே கிடையாது. முடி மறைக்கவில்லை, இருட்டும் விழவில்லை, நான் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டேன்.